வால்கூண்டுக் கதவு

எர்னி டிரிங்குக்கு எண்பத்திரண்டு வயதில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. "மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை ஐரிஸின் காரில் உட்கார்ந்து, கிழங்கு வயல்களுக்கு நடுவே கோடு போட்டதுபோல் நீளும் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் சாலையைப் பார்த்தபடி, அந்த ஒரு வார்த்தையைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன எர்னி, வாய் தானா முணுமுணுக்குது? டிவிக்காரங்ககிட்ட பேச ஒத்திகையா?" என்றாள் ஐரிஸ்.

"முட்டி வலிக்குது, கண்ணு."

"நேத்து எங்கயாவது டான்ஸ் ஆடப் போனீங்களா?"

"சும்மா சொல்லல. ரொம்ப வலிக்குது. இன்னிக்கு அதுக்குள்ள ஏற முடியுமான்னே தெரியல."

"நைஜல்கிட்ட காட்டுங்க. ஊர்ல எத்தனை டிராக்டருக்கு முட்டி மாத்தியிருக்கான். உங்களுக்கு மாத்த மாட்டானா?"

இவ்வளவுதான். வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. கெட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் கத்தலாம், ஓடலாம், போலீஸைக் கூப்பிடலாம். எர்னி மாட்டியிருந்தது நல்லவர்களிடம். அவருக்கு அரைத்த பன்றி இறைச்சி வைத்து ரொட்டி மடித்துக் கொண்டுவருகிறவர்கள், பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறவர்கள், பிறந்த நாளை அவரே மறந்தாலும் மறக்காதவர்கள். இவர்களிடமிருந்து மனிதன் எங்கே ஓடுவது?

விஷயம் இதுதான். பழைய விமானத் தளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, யுத்தகாலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பதினேழு வருடமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டு வந்து, சொந்தக் கையைக் கிழித்துக்கொண்டு போவார்கள். மூக்கு ஒரு இரும்புக் கடையில் கிடைத்தது, இறக்கை கனடாவில் ஒரு பண்ணையிலிருந்து கப்பலில் வந்தது, நடு உடம்பு பாதிக்கு மேல் புதிதாகத் தட்டி எடுத்தது. அதற்கு வின்னி என்று பெயர். இன்றைக்கு வின்னி தன் சொந்த இயந்திரங்களால் முதல்முறையாகத் தரையில் ஓடப்போகிறாள். பறக்க எல்லாம் இல்லை, புல்தரையில் ஒரு சுற்று, அவ்வளவுதான். ஆனால் டிவிக்காரர்கள் வருகிறார்கள், ஊர் வருகிறது. வாலில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டில் நிஜமான பழைய துப்பாக்கிக்காரர் உட்கார்ந்து வருகிறார் என்று நோட்டீஸ் அடித்து மதுக்கடைச் சுவரில்கூட ஒட்டியாகிவிட்டது. அந்த நிஜமான பழைய துப்பாக்கிக்காரர்தான் எர்னி.

வழக்கமான சனிக்கிழமைகளில் அவர் அந்தக் கூண்டில் உட்காராமல் இல்லை. உட்காருவார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லுவார். மின்சாரக் கம்பி வைத்துத் தைத்த சூடான உடுப்பில் ஒரு கால் மட்டும் வேலை செய்யாமல், ஜெர்மனிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு கால் வறுவலும் ஒரு கால் ஐஸுமாக ஆன கதை. கோகோ உறைந்து சுத்தியலால் உடைத்துத் தின்ற கதை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரால் அங்கே உட்கார முடிந்ததற்கு ஒரே காரணம், கூண்டுக்குக் கதவு இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சறுக்குக் கதவுகளும் எங்கோ தொலைந்துபோயிருந்தன. முதுகில் எப்போதும் காற்று பட்டுக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் பின்னால் சரிந்து வெளியே வந்துவிடலாம் என்று உடம்புக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவரைக் காப்பாற்றியது.

ஆனாலும் இயந்திரம் ஓடும்போது உட்காருவது வேறு. அந்த அதிர்வு அவருக்கு வேண்டாம். அதனால்தான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் கதவைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கொட்டகை வாசலில் பேரி நின்றிருந்தார். வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் "அன்று எப்படியோ, இன்றும் அப்படியே" என்று எழுதி வைத்தது அவர்தான். அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். பச்சை வண்ணம் ஒரு சாயல் மாறியிருந்தது என்று பூசிய பாதி உடம்பைச் சுரண்டவைத்தவர். யாரும் உபயோகிக்கப்போகாத மலவாளியைக்கூட அந்தக் காலத்து மூடியோடு தேடிப்பிடித்து உள்ளே பொருத்தியவர். இந்தக் காலத்து ஸ்க்ரூ ஒன்றை யாராவது கையில் எடுத்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

"வாங்க, வாங்க! கண்ணை மூடுங்க எர்னி!"

"எதுக்குப்பா?"

"மூடுங்கன்னா மூடுங்களேன். ஐரிஸ், நீ அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா."

ஐரிஸ் சின்னப் பெண்போல் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. விமானத்தின் வால் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, அதன் முதுகு கொட்டகையைப் பார்க்கும்படி செய்து, மேலே ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். பேரி போர்வையை இழுத்தார்.

"ஹேப்பி பர்த்டே!"

இரண்டு கதவுகள். கறுப்பு வண்ணம் புதிதாகப் பளபளத்தது. நடுவில் ஒன்றோடொன்று முட்டி, இடுக்கே இல்லாமல் மூடியிருந்தன.

"ஒரிஜினல்!" என்றார் பேரி. அவர் குரல் தழுதழுத்தது. "ஸ்பால்டிங் பக்கத்துல ஒரு விவசாயி கோழிக்கூண்டுக்குக் கதவா மாட்டி வச்சிருந்தான். அறுபது வருஷமா! கோழிப் பீயைச் சுரண்டறதுக்கே எனக்கு மூணு வாரம் ஆச்சு. தண்டவாளம் அதே, உருளை அதே, தடவியிருக்கற கிரீஸ்கூட அன்னிக்கு என்ன கிரீஸோ அதே கிரீஸ். நகர்த்திப் பாருங்க, எப்படி முக்குது பாருங்க! அன்னிக்கும் இப்படித்தான் முக்குமாம், புஸ்தகத்துல போட்டிருக்கு!"

எர்னி ஒரு அடி பின்னால் வைத்தார். வாய் கோணிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாருடா, மனுஷன் அழுறாரு," என்றான் நைஜல், மெதுவாக. டிராக்டர் பட்டறைக்காரன், நாலு இயந்திரமும் அவன் பொறுப்பு. அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எவ்வளவு பெரிய முட்டாள்கள், எவ்வளவு நல்ல முட்டாள்கள்! ஒரு மனிதனுக்கு அன்பு காட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி, கோழிப் பீயைச் சுரண்டி, அவனை அடைக்கிற கதவைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். இவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு அது.

"முட்டி..." என்றார் எர்னி.

"அவருக்கு முட்டி வலியாம்," என்று ஐரிஸ் எடுத்துச் சொன்னாள்.

"அதுக்கென்ன, பலகை போட்டுடறேன்," என்றான் நைஜல். "நீங்க படுத்தா போதும். ரொட்டியை அடுப்புக்குள்ள தள்ற மாதிரி நானே தள்ளி விட்டுடறேன்."

"ஐரிஸ் உட்காரட்டுமே. அவதானே இத்தனை வருஷம் பாடுபட்டா."

"ஐயோ, அது உங்க எடம்!" என்றாள் ஐரிஸ். "நான் உங்க பின்னாடியே கதவுக்கு வெளிய உட்கார்ந்துக்கறேன். ஒரு கை தூரம்தான். சரியா?"

"நீ முன்னாடி போய் நைஜல் பக்கத்துல உட்காரு, கண்ணு. அங்கதான் வேடிக்கை."

"எனக்கு எதுக்கு வேடிக்கை? எங்கப்பா இருந்த பக்கம்தான் நானும் இருப்பேன்."

எல்லா முடிச்சும் அவள் அப்பாவிடம்தான் போய் நின்றது.

ஐரிஸின் அப்பா சிட்னியும் வால்கூண்டுக்காரர். அவள் தொட்டிலில் கிடந்தபோது ஒரு இரவு கிளம்பிப் போனவர், விமானத்தோடு எரிந்து கடலில் விழுந்தார். கல்லறை இல்லை, ஊர் நினைவுக் கல்லில் பெயர் மட்டும் இருக்கிறது. எர்னிக்கு அவரைத் தெரியாது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் மாதா கோவில் டீ விருந்தில் கோப்பையும் கையுமாக நின்ற எர்னியிடம் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். நீங்களும் வாலில் இருந்தவராமே, ஒன்று கேட்கலாமா என்றாள். "எங்கப்பா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா?"

அதற்கு என்ன சொல்வது? டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைப் பார்த்தார். "சேச்சே. பட்டுனு போயிருக்கும்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது," என்றார்.

அடுத்த வாரம் பன்றி இறைச்சி அடைத்த மாவுப் பண்டம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். உங்களிடம் பேசிவிட்டுப் போன ராத்திரிதான் வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகத் தூங்கினேன் என்றாள். பொய் ஒன்று நிலைத்துவிட்டது. அது நிற்க வேண்டுமானால் முட்டுக்கொடுக்க வேண்டும். கூண்டு ரொம்ப விசாலம் என்றார். கதவு ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். ஆபத்து என்றால் பின்னால் சாய வேண்டியதுதான், பூப்போல் விழலாம் என்றார். வறுவல் கால், கோகோ உடைத்தது எல்லாம் அந்தப் பொய்க்கு வைத்த அலங்காரம். இப்போது அந்தக் கதவைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று அவர் சொன்னால், அவர் பயத்தை மட்டுமா சொன்னதாகும்? அவள் அப்பன் எப்படிச் செத்தான் என்பதையும் அல்லவா சொன்னதாகும்? அவளுக்கு இருந்த தூக்கம் போய்விடும். அதனால் எர்னி ஏறினார்.

வால் பக்கம் போகப் போக விமானத்தின் உடம்பு குறுகிக் குழாயாகிவிடும். நைஜல் சொன்னபடியே பலகை போட்டுத் தள்ளிவிட்டான். எர்னி கூண்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்தார். முன்னால் நாலு துப்பாக்கி, சுற்றிலும் கண்ணாடி. தோள் இரண்டும் இரும்பில் உரசின. இருபது வயதில் ஒல்லியாக இருந்தபோதே உரசியவை.

"வசதியா இருக்கா?" என்று பின்னாலிருந்து ஐரிஸ் கேட்டாள்.

"ராஜா மாதிரி இருக்கேன்."

"கதவைச் சாத்தட்டுமா? பேரி சாத்தச் சொல்றாரு. டிவியில வெளிச்சம் தெரியக் கூடாதாம்."

இதுதான் கடைசி வாய்ப்பு. மாட்டேன் என்றால் முடிந்தது.

"சாத்திடு, கண்ணு," என்றார் எர்னி.

கதவுகள் முக்கி முக்கி வந்து முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்டன. முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. அந்த நிமிடத்திலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. வெளியே ஊர் ஆரவாரம் செய்தது கண்ணாடி வழியே வாயசைப்பாகத் தெரிந்தது. வின்னி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தாள். வாலில் இருப்பவனுக்கு உலகம் பின்னால்தான் ஓடும்; கொட்டகை சின்னதாகியது, பேரி கொடியை ஆட்டிக்கொண்டு சின்னதாகிப் போனார். எர்னி பல்லைக் கடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று. புல்தரை. கீழே தரைதான் இருக்கிறது, கிழவா. தரைதான்.

கூட்டத்துக்கு நேரே வரும்போது கூண்டைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது பேரியின் ஏற்பாடு. எர்னி கைப்பிடிகளைத் திருகினார். கூண்டு முனகிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தது. அந்தக் கூண்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தம் இடது கோடி இயந்திரத்திலிருந்து வருவது. அதே நேரம் பார்த்து அந்த இயந்திரம் எண்ணெயைக் கக்கியது. முன்னால் இருந்த நைஜல் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, பயந்து, அதை நிறுத்திவிட்டான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கூண்டு பாதியில் நின்றது.

பாதியில் என்றால், கதவு விமானத்தின் உடம்புக்குள்ளும் திறக்காது, வெளியிலும் திறக்காது. இரண்டுக்கும் நடுவே இரும்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கக்கிய எண்ணெயின் நீலப் புகை பின்னால் அடித்து வந்து கூண்டுக்குள் நுழைந்தது.

அப்போது எர்னிக்கு எண்பத்திரண்டு வயது என்பதே மறந்துபோய்விட்டது. அந்தப் புகைதான். அந்த இடம்தான். யுத்தத்தில் ஒரு ராத்திரியும் இப்படித்தான் குண்டு பட்டு எண்ணெய்க் குழாய் அறுந்து கூண்டு பாதியில் நின்றது. பின்னால் நெருப்பு எரிகிற சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்த கருவி செத்துவிட்டது. முழங்கையால் கதவை இடித்தார், தலையால் இடித்தார். மேல்கூண்டில் இருந்த கனடாக்காரன் லாய்ட் வெறுங்கையால் நெருப்பை அணைத்ததோ, தரையிறங்கிய பிறகு கோடரியால் கதவைப் பிளந்து தன்னை எடுத்ததோ அப்போது அவருக்குத் தெரியாது. கடலைத் தாண்டி வந்த நேரம் முழுக்க, தான் உயிரோடு வெந்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்துக் கத்தினார். கத்தியதை மறுபடி யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் திரும்பவும் ஏறிப் போனார்.

இப்போதும் கத்தினார். என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினார். கை மட்டும் தானாகப் பக்கத்திலிருந்த சின்னக் கைச்சக்கரத்தைக் கண்டுபிடித்துச் சுற்றியது. கூண்டு அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. முழுசாகப் பக்கவாட்டுக்கு வந்ததும் முழங்கையைப் பின்னால் ஓங்கி ஓங்கி இடித்தார். தண்டவாளம் வளைகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு விட்டுக்கொடுத்தது. எர்னி மல்லாந்து விழுந்தார். இடுப்புவரை வெளியே தொங்கி, கால் உள்ளே சிக்கி, தலைகீழாக வானத்தையும் புல்லையும் பார்த்தார். விமானம் நின்றிருந்தது.

பிறகு கைதட்டல். எப்படிப்பட்ட கைதட்டல்! ஊரே எழுந்து நின்று தட்டியது.

பேரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "தப்பிக்கிற முறை! கூண்டைத் திருப்பறது, கதவைத் திறக்கறது, பின்னால சாயறது! அப்படியே புஸ்தகத்துல இருக்கற மாதிரி! சொல்லாம கொள்ளாம இப்படி ஒரு வேலை பண்ணிட்டீங்களே!"

சக்கரம் வைத்த மேடைப்படியைத் தள்ளிவந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். டிவிப் பெண் கீழேயிருந்து கூப்பிட்டாள். "சார், பிரமாதம் சார்! எங்க கேமரா அந்தப் பக்கம் இருந்துச்சு. இன்னொரு தடவை பண்ண முடியுமா?"

"பண்ணுவார், பண்ணுவார்!" என்றார் பேரி. "இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் பண்ணுவார்!"

எர்னி மேடைப்படியின் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்சட்டை ஈரமாகியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் ஐரிஸ் வந்தாள். உள்ளே அவள் பக்கம் கூண்டு அடைத்துக்கொண்டதால், முன் வாசல் வழியே இறங்கி, விமானத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். அவள் கைதட்டவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"லாய்ட் யாரு?" என்றாள்.

எர்னி கீழே புல்லைப் பார்த்தார்.

"லாய்ட், லாய்ட்டுன்னு கத்தினீங்க. வேகறேன்னு கத்தினீங்க. அப்புறம் உங்க அம்மாவைக் கூப்பிட்டீங்க." அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "நான் கதவை இந்தப் பக்கம் இழுத்தேன், எர்னி. ஒரு விரல்ல போகும்னீங்களே. ரெண்டு கையால இழுத்தும் வரல."

"பழைய கதவு, கண்ணு. துரு..."

"வேண்டாம்." அவள் அவர் கையைப் பிடித்தாள். "எங்கப்பாவும் கத்தியிருப்பாரா?"

பட்டுனு போயிருக்கும் என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. பதின்மூன்று வருடப் பழக்கம். சொல்லியிருந்தால் அவளும் நம்புவதுபோல் நடித்திருப்பாள். அதற்கப்புறம் இருவரும் சாகும்வரை நடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். எர்னிக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது. இனி ஒரு பொய்யைக்கூடத் தூக்க முடியாது என்று தோன்றியது.

"கத்தியிருப்பார், கண்ணு. எல்லாருமே கத்தினோம்."

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. திறந்து கிடந்த கூண்டைப் பார்த்தாள். பதினேழு வருடமாக அதன் ஒவ்வொரு ஆணியையும் தொட்டவள், ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. அது எர்னியின் இடம், அதற்கு முன்னால் அப்பாவின் இடம். இப்போது குனிந்து, காலை உள்ளே விட்டு, நுழைந்து உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?"

"சாத்துங்க."

"வேண்டாம், ஐரிஸ்."

"நீங்க இத்தனை வருஷம் எனக்காக உட்கார்ந்தீங்க. எனக்குத் தெரியணும். சாத்துங்க எர்னி."

கீழே டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். பேரி, "யாரு அது உள்ள? அது எர்னி சீட்டாச்சே!" என்று கத்தினார். எர்னி இரண்டு கதவையும் பிடித்து இழுத்தார். வளைந்த தண்டவாளத்தில் அவை கீச்சிட்டுக்கொண்டு வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மூடின.

இந்தப் பக்கம் நிற்பது இத்தனை கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கதவு லேசாக அசைந்தது. ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறாள். அப்புறம் கையால். அப்புறம் இரண்டு கையாலும். பிறகு முழங்கை இடிக்க ஆரம்பித்தது.

"எர்னி."

"திறக்கறேன், திறக்கறேன்."

இழுத்தார். வரவில்லை. அவர் இடித்து வளைத்த தண்டவாளம் உருளையைக் கவ்விக்கொண்டுவிட்டது. காலைக் கூண்டில் முட்டுக்கொடுத்து இழுத்தார். ஒரு அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது.

"எர்னி! எர்னி, திறங்க! எர்னி!"

அந்தக் குரல் அவர் அறிந்த ஐரிஸின் குரலாக இல்லை. இடுக்கில் விரல்களை நுழைத்தார். உள்ளேயிருந்து அவள் விரல்கள் வந்து அவற்றைக் கவ்விக்கொண்டன. நகம் பதிந்து ரத்தம் வந்தது.

"நான் இங்கதான் இருக்கேன், கண்ணு. இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

நைஜல் கடப்பாரையோடு படியில் தாவி ஏறினான். கீழேயிருந்து பேரி தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார். "உடைச்சிடாதே! ஒரிஜினல்டா! மெதுவா, உருளையைக் கழட்டி..."

"உடைடா!" என்றார் எர்னி. ஊருக்கே கேட்டது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. "பாத்துக்கிட்டு நிக்கறியே, உடைடா அதை!"

நைஜல் இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினான். அறுபது வருடம் கோழிகளைக் காத்த தகடு கிழிந்து, கதவு தண்டவாளத்தோடு பிய்த்துக்கொண்டு புல்லில் போய் விழுந்தது. பேரி அதைப் பார்க்கவில்லை. ஐரிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவளை வெளியே இழுத்து மேடைப்படியில் உட்காரவைத்தார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நைஜல் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். எர்னி, முட்டி நிஜமாகவே வலிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டிவிப் பெண் கேமராக்காரன் தோளைத் தொட்டு அதை இறக்கச் சொன்னாள்.

ஐரிஸ் ஒரு கையால் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு வெளியே நீங்க இருந்தீங்க," என்றாள். "அவருக்கு வெளியே யாருமே இல்லையே, எர்னி."

இனி அவள் எத்தனை ராத்திரி விழித்துக் கிடக்கப்போகிறாளோ என்று எர்னி நினைத்தார். ரத்தம் கசியும் அவர் விரல்களை அவள் இன்னும் விடவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.